ஆறாவது எண்

படிவம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. பெயர், பிறந்த தேதி, படித்த பள்ளி, அப்பா தொழில், அம்மா தொழில் எல்லாவற்றையும் மகள் முந்தாநாளே போட்டுவிட்டாள். மிச்சம் ஒரே ஒரு கட்டம். அதில் விழ வேண்டிய ஆறு எண்கள் அப்பாவின் கைப்பேசிக்குத்தான் வரும். போன வருடம் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பெயர் பதிந்தபோது கொடுத்தது அப்பாவின் எண். இப்போது மாற்ற வழியில்லை.

"சாயங்காலம் நாலரைக்கு உனக்கு ஒரு மெசேஜ் வரும்பா," என்று காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "ஆறு நம்பர் இருக்கும். நான் கூப்பிடும்போது அதைச் சொல்லணும். அதுக்கு உயிர் பத்து நிமிஷம்தான். அஞ்சு மணிக்கு எல்லாத்தையுமே மூடிடுவாங்க."

"சொல்லிட்டாப் போச்சு," என்றார் அப்பா ரசமட்டம்.

"போனைப் பையில போட்டு மூலையில வெச்சிடாத. சிக்னல் இருக்குற இடமாப் பார்த்து வை."

தலையை ஆட்டினார். அவளும் தலையை ஆட்டிவிட்டு, தான் நோயாளிகளின் பெயர் பதியும் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குக் கிளம்பினாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்க்கவில்லை.

ரசமட்டம் என்பது அவருக்குத் தொழில் வைத்த பெயர். தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். தரை மட்டம் பார்க்கும் ரசமட்டக் கருவியின் கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை அடுத்த டைல்ஸைக் கையில் எடுக்க மாட்டார். அப்படிப்பட்ட மனிதர், மகள் விஷயத்தில் மட்டும் போன வருடம் மட்டம் பார்க்காமல் இறங்கிவிட்டார். வாழ்நாளில் மூன்று முறைதான் எழுதலாம் என்கிற தேர்வு. இயற்பியலில் பாதிப் பாடத்தைப் பள்ளியில் நடத்தவே இல்லை. போதாததற்குத் தேர்வு நாளன்று அனலாய்க் கொதிக்கும் காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டும் மைத்துனர், பணிமனைக்குப் போக வேண்டிய வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, சைரன் போட்டு, அவளைத் தேர்வு வாசலில் இறக்கிவிட்டார். வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும் வழிவிட்டார்கள். மதிப்பெண் மட்டும் வழிவிடவில்லை.

மூன்றில் ஒன்று அப்படிப் போனது. இன்று இரண்டாவதுக்குப் பெயர் பதியக் கடைசி நாள்.

போன வாரம் ஒரு நாள், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மகள் அம்மாவிடம் கேட்டாள்: "இந்த வருஷம் எழுதலைன்னா அப்பா என்னம்மா செய்வாரு?" அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த ரசமட்டம் அதைக் கேட்டுவிட்டார். கேட்காதவர் மாதிரிக் கனைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அன்றிலிருந்து மூன்று பேரும் வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் மகள் ஒட்டி வைத்திருக்கும் மாதிரித் தேர்வு மதிப்பெண்களை அவர் தினமும் பார்க்கிறார். எழுத்து கொஞ்சம் தடுக்கினாலும் எண் அவருக்குத் தடுக்காது. முந்நூற்றுத் தொண்ணூறு. நானூற்றுப் பன்னிரண்டு. முந்நூற்று எண்பத்தைந்து. முந்நூற்று எழுபது. இறங்குகிறது. ஆனால் ஒரு வருடம் சும்மா போய்விடுமே என்கிற பயம் அந்த எண்களைவிடப் பெரிதாக இருந்தது.

*

வேலை ஒரு குழந்தை டாக்டரின் புதுக் கிளினிக்கில். இன்று காத்திருப்புக் கூடத்துக்குத் தரை. காலையிலேயே டாக்டரம்மா வந்து நின்றார்.

"மேஸ்திரி, நாளன்னைக்கே நாற்காலி, மேசை எல்லாம் இறக்கிடலாமா?"

"நாலு நாள் கொடுங்கம்மா."

"ஒரே நாள்ல காஞ்ச மாதிரி ஆயிடுமே?"

"மேல பார்த்தா அப்படித்தான் இருக்கும். அடியில ஈரம் இருக்கும். அவசரப்பட்டு பாரத்தை ஏத்தினா இன்னைக்கு ஒண்ணும் தெரியாது. ஆறு மாசம் கழிச்சு ஒவ்வொண்ணா மேல எழும்பும். அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க."

டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். ஆனாலும் ஒத்துக்கொண்டு போனார்.

கைப்பேசிக்கு சிக்னல் தேடி ரசமட்டம் கூடம் முழுக்க நடந்தார். வாசலுக்கு எதிரே இருந்த சுவரின் ஜன்னல் விளிம்பில் மட்டும் நாலு கோடும் நின்றது. அங்கேயே வைத்தார். வைத்துவிட்டு வேலையில் இறங்கினார்.

டைல்ஸ் வேலையில் ஒரு முறை உண்டு. வாசலுக்கு எதிர்ச் சுவரிலிருந்து தொடங்கி, முட்டி போட்டு, பின்பக்கமாகவே நகர்ந்து வாசலுக்கு வர வேண்டும். கடைசி டைல்ஸை வாசல்படியில் நின்றுகொண்டு வைக்க வேண்டும். அதனால் டிபன் டப்பா, சட்டை, தண்ணீர் பாட்டில் என்று தன் சாமான் அத்தனையையும் முதலில் வெளியே வைத்துவிட்டுத்தான் உட்காருவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அது தப்பியதில்லை.

இன்று தப்பியது. மனம் முழுக்க ஆறு எண்களாக இருந்தது.

மணி நாலேகால் தாண்டியது. வாசலோரக் கடைசி வரிசையை வைத்து, ரப்பர் சுத்தியால் நாலு மூலையும் தட்டி, ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கூடம் முழுக்க நேற்றுவரை இல்லாத வெளிச்சம்.

அப்போதுதான் டிங் என்று ஒரு சத்தம் வந்தது. கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து.

"மேஸ்திரி," என்றார் கலவை போடும் சித்தாள் அக்கா. "உங்க போன் உள்ளயிருந்து கூப்பிடுது."

ரசமட்டம் கண்ணாலேயே அளந்தார். பதினாலு அடி தூரம். ஜன்னல் பக்கத்துத் தரை காலையில் ஒட்டியது, ஓரளவு பிடித்திருக்கும். நடுவில் இருப்பதெல்லாம் மதியத்துக்குப் பிறகு வைத்தவை. பசை இன்னும் களிதான்.

கைப்பேசி இப்போது மணி அடிக்கத் தொடங்கியது.

"வெளியே சுத்திப் போய் ஜன்னல் வழியா எடுக்கலாமா?" என்றார் அக்கா.

"கண்ணாடி உள்பக்கம் பூட்டியிருக்கு. கம்பி வேற."

"பலகை?"

"இருக்குறது ஆறடிப் பலகை. அதைப் போட்டாலும் அது அமுக்கத்தான் செய்யும்."

மணி நின்றது. நின்றதும் இன்னும் மோசமாக இருந்தது.

"நீங்க போங்கக்கா. நீங்க லேசான ஆளு."

"யாரு, நானா? தினம் அம்பது கிலோ சிமெண்டு மூட்டையைத் தலையில சுமக்குறவ லேசான ஆளா?" என்றார் அக்கா. "அப்படி யாரு கூப்பிடுறது? வீட்டுலயா?"

"பொண்ணு. அஞ்சு மணிக்குள்ள ஒரு நம்பர் சொல்லணும். சொல்லலைன்னா டாக்டர் பரீட்சை இந்த வருஷம் கிடையாது."

"அதை இப்பத்தான் சொல்றீங்களா?"

மறுபடி மணி அடித்தது.

ரசமட்டம் பாதங்களைச் சாக்கில் துடைத்தார். ஈரத் தரையில் கால் வைக்கப் போன வீட்டுக்காரர்களையே அதட்டி வாசலில் நிறுத்தியவர். ஒரு முறை அமுங்கினால் சுற்றியிருக்கிற மட்டமும் கெடும் என்று தெரிந்தவர். டைல்ஸின் நடு மையத்தைப் பார்த்து முதல் காலை வைத்தார். அடியில் பசை பிசுக்கென்று பிதுங்கியது. நெஞ்சில் மிதித்த மாதிரி இருந்தது. இரண்டு. மூன்று. நாலு. ஐந்து. அதற்கப்புறம் இருந்தவை தாங்கின.

எடுத்தார். உட்கார முடியாது, ஜன்னலோரமாக நின்றுகொண்டே பேசினார்.

"எங்க போயிட்டப்பா? எத்தனை தடவை அடிக்கிறது?"

"வேலையா இருந்தேன் பாப்பா. இரு, பார்த்துச் சொல்றேன்." மெசேஜைத் திறந்தார். "போட்டுக்க. ஏழு."

"ஏழு."

"சைபர்."

"சைபர்."

"நாலு."

"நாலு."

"இன்னொரு நாலு."

கொஞ்சம் நேரம் பிடித்தது. "நாலு."

ஒட்டிய டைல்ஸைக் கட்டையால் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். அடியில் பசை பிடித்திருந்தால் கெட்டியான சத்தம் வரும். பிடிக்காத இடம் வெறுமையாக ஒலிக்கும். யாரும் சொல்லித் தர வேண்டாம்; காதே சொல்லிவிடும். மகள் சொன்ன இரண்டாவது நாலு வெறுமையாக ஒலித்தது.

"ஒண்ணு," என்றார்.

பரிசோதனை நிலையத்தில் யாரோ அடுத்த டோக்கனைக் கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒண்ணு போட்டியா?"

"போட்டுட்டேன்."

"இன்னும் ஒரு நம்பர்தான் இருக்கு."

"தெரியும்பா."

ஆறாவது எண் அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் போதும். மாலையில் மைத்துனருக்குச் சொல்லலாம், டைல்ஸ் கடைக்காரருக்குச் சொல்லலாம், தெருவில் தலை நிமிர்ந்து நடக்கலாம்.

"பாப்பா, இந்தக் கடைசி நம்பரை நான் சொல்லவா?"

மூச்சு மட்டும் கேட்டது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்து.

"வேணாம்பா."

பிறகு மகள் பேசத் தொடங்கியதும் நிற்கவில்லை. "எனக்கு எழுதணும்பா. எழுதாம விடமாட்டேன். ஆனா இப்ப இல்ல. இயற்பியல் இப்பத்தான் புரிய ஆரம்பிச்சிருக்கு. இப்பப் போய் உக்காந்தா இதுவும் வீணாப் போகும். அப்புறம் கையில ஒண்ணே ஒண்ணுதான் மிஞ்சும். அந்த ஒண்ணை வெச்சுக்கிட்டு என்னால தூங்கவே முடியாதுப்பா. ஒரு வருஷம் விட்டா முழுசாப் படிச்சிட்டுப் போவேன்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? நீ டைல்ஸ் கடைக்காரர் வரைக்கும் சொல்லி வெச்சிருக்க."

ரசமட்டம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "தப்பு என்னோடது. போன வருஷம் காய்ச்சலோட இழுத்துட்டுப் போனவன் நான்தான். இந்த வருஷமும் நான்தான் இழுத்திருக்கேன். நீ சொல்லலை, சரி. நானும் கேக்கலையே."

"கோபமா?"

"யாரு மேல?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம். "நம்பர் போயிடுச்சுப்பா. திரையில காட்டுது. பத்து நிமிஷம் முடிஞ்சிடுச்சாம்."

"போகட்டும். நல்லா வாழ்ந்த நம்பர்."

"வேணும்னா இன்னொண்ணு கேக்கலாம். இன்னும் இருவது நிமிஷம் இருக்கு."

"கேக்கணுமா?"

"வேணாம்," என்றாள். இந்த முறை கெட்டியாக ஒலித்தது.

*

திரும்பி வாசலுக்கு வந்தபோது சித்தாள் அக்கா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"சொல்லியாச்சா?"

"சொல்லலை."

"என்னது? சொல்லாம இருக்கறதுக்கா அஞ்சு டைல்ஸை மிதிச்சுக்கிட்டுப் போனீங்க?"

"சொல்லத்தான் போனேன். அடியில ஈரமா இருக்குன்னு அங்க போனப்புறம்தான் தெரிஞ்சுது."

அக்காவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "காலையில டாக்டரம்மாவுக்கு மட்டும் அவ்வளவு ஞாயம் சொன்னீங்களே மேஸ்திரி. வீட்டுல அதைச் சொல்லலையா?"

ரசமட்டம் போன வருடக் காய்ச்சல் கதையைச் சொல்லிக்கொண்டே கரணையை எடுத்தார். அதே ஐந்தின் மேல் மறுபடி போய், ஒவ்வொன்றாகப் பெயர்த்து, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை தடவிப் பின்வாங்கினார். நாலு நல்லபடியாக உட்கார்ந்தன. மூன்றாவது, பெயர்க்கும்போது மூலை உடைந்துவிட்டது. நாளைக்கு வேறு கொண்டுவர வேண்டும். கூடத்தின் நடுவில் ஒரு சதுரம் காலியாகக் கிடந்தது. சாதாரண நாளாக இருந்தால் அதைப் பார்த்துத் தூக்கம் போயிருக்கும். இன்று அதைப் பார்த்துக்கொண்டே சட்டையை மாட்டினார். முட்டி வலிக்கவில்லை. வலித்திருக்கும், அவருக்குத்தான் தெரியவில்லை.

சாவியை டாக்டரம்மாவிடம் கொடுக்கும் பொறுப்பு சித்தாள் அக்காவுடையது. அவரிடம் ஒரு விஷயம் போனால் அது சும்மா இருக்காது என்பதை ரசமட்டம் அப்போது யோசிக்கவில்லை.

*

யோசித்ததெல்லாம் மனைவியைப் பற்றித்தான்.

அவள் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். டாக்டர் கோட்டுக்கென்று வெள்ளைத் துணி வாங்கி, மகள் அளவுக்கு வெட்டிப் பெட்டியில் வைத்து ஒரு வருடம் ஆகிறது. வழியெல்லாம் அந்தத் துணிதான் கண்ணில் நின்றது.

வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் இன்னும் வரவில்லை.

"நம்பர் சொன்னீங்களா?" மனைவி திரும்பாமலே கேட்டாள்.

"அஞ்சு சொன்னேன்."

"ஆறுன்னுதானே சொன்னா?"

"ஆறாவதை முழுங்கிட்டேன்."

மெஷின் நின்றது. மனைவி எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி, கையிலிருந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ரசமட்டம் இரண்டடி கிட்டே போனார்.

"இங்க பாரு, அவளா வேணாம்னு சொன்னா. நான் வற்புறுத்தலை. ஒரு வருஷம்தானே..."

துணியை எடுத்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாகக் கிடந்தன அந்த முகத்தில்.

"அப்பாடா," என்றாள். "ஒரு வாரமா நான் தைச்ச சட்டையில ஒண்ணுக்காவது ரெண்டு கையும் ஒரே நீளம் இல்லீங்க. இன்னைக்கு சூப்பர்வைசர் ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டி, இது யாருக்கும்மா, நண்டுக்கான்னு கேக்குறான்."

ரசமட்டம் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "அப்போ உனக்கும் வேணாமா?"

"அவ இருக்குற இருப்பைப் பார்த்தா யாருக்கு வேணும்?"

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"உங்ககிட்டயா? போன தடவை தெருவையே கூட்டிச் சொன்ன மனுஷன்கிட்டயா? உங்க மனசு உடைஞ்சிடும்னு அவ பயந்தா. அவ மனசு உடைஞ்சிடும்னு நான் பயந்தேன்."

"நான் உன்னை நினைச்சுப் பயந்தேன். அந்த வெள்ளைத் துணி இருக்கே."

"அதை வெட்டித்தானே வெச்சிருக்கேன், தைக்கலையே. ஒரு வருஷத்துல அவளும் கொஞ்சம் தேறுவா. ஓரத்துல ரெண்டு விரல் கூட விட்டுத்தான் வெட்டியிருக்கேன்."

மகள் வந்தபோது அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே நின்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பையை இறக்கி வைத்தாள். அப்புறம் யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால் அலமாரியைத் திறந்து, மதிப்பெண் தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்தாள்.

"முதல் நாலு மாசம் இயற்பியல் மட்டும்தான். எட்டாவது மாசம் வரைக்கும் மாதிரித் தேர்வு கிடையாது. அதுவரைக்கும் மார்க் என்னன்னு யாரும் கேக்கக் கூடாது."

"கேக்கலை," என்றார் ரசமட்டம்.

"தெருவுல யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"அது கொஞ்சம் கஷ்டம்."

"அப்பா."

"சரி, சரி. டைல்ஸ் கடைக்காரருக்கு மட்டும்."

அவள் அவர் தோளில் ஒரு அடி போட்டுவிட்டு அவர் டீயை வாங்கிக் குடித்தாள். அதைப் பார்த்து வந்த சிரிப்பை மறைக்க அவர் மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கைப்பேசி அடித்தது. டாக்டரம்மா.

"மேஸ்திரி, ஹால் நடுவுல ஒண்ணு காணோமே."

"நாளைக்குக் காலையில முதல் வேலையா வெச்சிடுறேன்மா. மன்னிச்சிடுங்க, கொஞ்சம்..."

"உங்க சித்தாள் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. அதை விடுங்க. போன வருஷம் பொண்ணு காய்ச்சலோட எழுதினாளாமே. அன்னைக்கு அவளை யாராவது டாக்டர் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்கம்மா. போற வழியில பெரிய ஆஸ்பத்திரியில காட்டினோம். ஊசி போட்டு, படுக்க வைங்கன்னு சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. நாங்கதான் கேக்காம பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போயிட்டோம்."

"அந்தச் சீட்டு இருந்தா, அந்தத் தடவையைக் கணக்குல எடுக்காதீங்கன்னு தேர்வுக் குழுவுக்கு எழுதிப் பார்க்கலாம். கிடைக்கும்னு உறுதி கொடுக்க மாட்டேன். சில பேருக்குக் கொடுத்திருக்காங்க. சீட்டு இருக்கான்னு தேடுங்க முதல்ல."

ரசமட்டம் கைப்பேசியைக் கீழே வைத்து, கேட்டதை அப்படியே சொன்னார். போன ஒன்று திரும்பி வந்தால் மறுபடி மூன்று. மகள் டீக் குவளையை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"சீட்டு நம்மகிட்ட இல்ல," என்றாள் அம்மா. "அன்னைக்கு மருந்து வாங்கப் போனது என் தம்பிதான்."

உடனே கூப்பிட்டார்கள். ஆம்புலன்ஸ்காரரின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. இருந்தும் எல்லோரும் கேட்கும்படி வைத்தார்கள்.

"என்னக்கா, நம்ம வீட்டு டாக்டரம்மா பேரைக் கொடுத்தாச்சா? இங்க வார்டு முழுக்க மிட்டாய் கொடுத்துட்டேன்."

"மிட்டாயைத் திருப்பி வாங்கிக்க. அடுத்த வருஷம்தான் எழுதுறா. நீ ஒண்ணு சொல்லு, போன வருஷம் காய்ச்சலுக்குக் கொடுத்த சீட்டு உன்கிட்டத்தானே இருக்கு?"

மூச்சு விடாமல் பேசுகிற மனிதர் பேச்சை நிறுத்தினார்.

"டேய், இருக்கியா?"

"இருக்கேன்க்கா. சீட்டும் இருக்கு, பத்திரமா இருக்கு," என்றார் தணிந்த குரலில். "அதுல நேரம் போட்டிருக்கும். கூட்டிட்டு வந்த வண்டி நம்பரும் போட்டிருக்கும். அந்த நேரத்துக்கு அந்த வண்டி பணிமனையில நின்னுச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்."

ரசமட்டம் மனைவியைப் பார்த்தார். அவள் கைப்பேசியைப் பார்த்தாள். சீட்டு வெளியே வந்தால் மகளுக்கு ஒரு வாய்ப்பு திரும்பும். மைத்துனருக்கு வேலை போனாலும் போகலாம்.

"நான் தரலைன்னு சொல்லலை," என்றார் ஆம்புலன்ஸ்காரர். "எப்ப வேணும்னு மட்டும் சொல்லுங்க."

மகள் குனிந்து கைப்பேசியைக் கையில் எடுத்தாள்.

"மாமா, நீங்க முதல்ல சாப்பிட்டுட்டுத் தூங்குங்க," என்றாள். "அவசரமே இல்ல. நமக்கு ஒரு வருஷம் இருக்கு."